டென்ஷன் இல்லாதவருக்கும் வரும் டென்ஷன் தலைவலி

"எனக்கு ஒரு டென்ஷனும் கிடையாதே டாக்டர், அப்புறம் எப்படி டென்ஷன் தலைவலி?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் டென்ஷன் என்றால் கோபம், பதற்றம், கவலை. இந்த வலிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் தசை இறுக்கம் என்ற பொருளும் உண்டு. தலை, கழுத்துத் தசைகள் இறுகுவதால்தான் வலிக்கிறது என்று வெகுநாள் நம்பினார்கள். தசைகளின் மின்செயல்பாட்டை அளந்து பார்த்தபோது, வலிக்கும் அளவுக்கு அவை இறுகியிருக்கவில்லை என்பது பலரிடம் தெரியவந்தது. அதனால் 1988-இல் பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 'டென்ஷன் வகைத் தலைவலி' என்று பெயரைச் சற்றுத் தளர்த்தியது.

இந்த வலியை எப்படி அடையாளம் காண்பது? தலையைச் சுற்றித் துண்டை வரிந்து கட்டியதுபோல இருக்கும். சிலருக்கு உச்சியில் பாரம் ஏற்றியதுபோல. பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலிக்கும். நெற்றி, பொட்டு, பிடரி என்று பரவும். அழுத்துமே தவிர, விண் விண்ணென்று தெறிக்காது. அரை மணி நேரத்தில் போய்விடலாம், ஏழு நாள் வரையும் இழுக்கலாம்.

என்னைக் கேட்டால், என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் நல்ல அடையாளம். வாந்தி இருக்காது. வெளிச்சமோ சத்தமோ, இரண்டில் ஒன்று தொந்தரவு தரலாம். இரண்டும் சேர்ந்து படுத்தாது. மாடிப்படி ஏறினால் வலி அதிகமாகாது. மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலிக்காரருக்கோ நாலு படி ஏறினாலே மண்டை தெறிக்கும். இருட்டு அறையைத் தேடிப் படுத்துவிடுவார். டென்ஷன் தலைவலிக்காரரோ முனகிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார்.

சரி, வலிப்பது எது? மூளை இல்லை, மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகளே கிடையாது. தசைகள் பெரிதாக இறுகாவிட்டாலும், மண்டையோட்டைப் போர்த்திய தசைகளிலும் அவற்றின் உறைகளிலும்தான் தொடக்கம் என்று கருதுகிறார்கள். பொட்டு, தாடை, பிடரி, தோள்பட்டை ஆகியவற்றை விரலால் அழுத்தினால் "ஆ, அங்கேதான்" என்று சொல்ல வைக்கும் புள்ளிகள் அகப்படும். மணிக்கணக்கில் குனிந்து போன் பார்ப்பது, பல்லைக் கடிப்பது, தூக்கம் கெடுவது, பட்டினி, மனக்கவலை எல்லாம் தூண்டிவிடலாம்.

பிடரியில் கோளாறு இருக்க, நெற்றி ஏன் வலிக்க வேண்டும்? முகத்திலிருந்து வரும் நரம்பும் மேல் கழுத்திலிருந்து வரும் நரம்புகளும் கழுத்தின் உச்சியில், தண்டுவடத்துக்குள் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. ஒரே பெட்டியில் விழும் இரு வீட்டுத் தபால் மாதிரி. எது யாருடையது என்று மூளை தடுமாறுகிறது. அடிக்கடி வலி வந்தால் அந்தச் சந்திப்பே கூருணர்வு பெற்றுவிடும். பிறகு சாதாரணத் தொடுகையும் வலியாகப் போய்ச் சேரும்.

இடியாய்த் திடீரென இறங்கும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் வலி: இவை இந்தக் கணக்கில் சேராது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எப்போதாவது வரும் வலிக்கு ஒரு பாரசிட்டமால் போதும். ஆனால் மூன்று மாதத்துக்கு மேலாக, மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் வலி மாத்திரை விழுங்குபவருக்கு அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். வலி மட்டும் அப்படி மாதம் 15 நாளைத் தொட்டாலும் அது நாள்பட்ட வகைதான். அப்போது மருத்துவர் அமிட்ரிப்டிலின் எழுதித் தரலாம். இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "இது மனச்சோர்வு மாத்திரையாச்சே!" என்று பதறுவோர் உண்டு. இங்கே அதைக் குறைந்த அளவில் கொடுப்பது, கூர்ப்பட்டுப் போன அந்த வலிப்பாதையை மட்டுப்படுத்துவதற்காக.