பத்து மணிக்குள் வர வேண்டிய தேனீ

மாசி பாதி கடந்திருக்கும். கீழ் வீட்டு அக்கா துணி காயப்போட மொட்டை மாடிக்கு வந்தவர், தர்பூசணிப் பையின் பக்கத்தில் குனிந்து எதையோ பொறுக்கினார். உள்ளங்கையில் இலந்தைப்பழம் அளவில் நான்கு பிஞ்சுகள், மஞ்சளடித்துச் சுருங்கிப்போய். "இன்னா தம்பி, நல்லாத்தானே வுட்டிருந்துச்சு? கண்ணு பட்டுப்போச்சா?" என்றார்.

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் மாடியில் செடி வளர்க்கும் நண்பர்கள் பலரும் தர்பூசணி பற்றிச் சொல்வது இதைத்தான். கொடி செழிப்பாக ஓடுகிறது, பூக்கிறது, பிஞ்சு தெரிகிறது, நாலாம் நாள் கொட்டிவிடுகிறது. உடனே உரம் போடுகிறார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் பூச்சிமருந்து. அந்த மருந்துதான் காரியத்தைக் கெடுக்கிறது. ஏன் என்று புரிய, விதையிலிருந்து வர வேண்டும்.

பொங்கல் முடிந்த கையோடு விதை ஊன்றினேன். தர்பூசணியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மண்ணின் சூடு 25 முதல் 35 டிகிரி வரை இருந்தால் சுறுசுறுப்பாக முளைக்கும்; அதற்குத் தை மாதத்துச் சென்னை வெயிலே போதும். சாப்பிட்ட பழத்தின் விதையைப் போடலாமா என்று கேட்பார்கள். முளைக்கும். ஆனால் கடைப் பழம் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதையில் வரும் செடிகள் ஆளுக்கொரு குணமாக இருக்கும், அதே இனிப்பு வரும் என்று நம்ப முடியாது. நான் போட்டது 'சுகர் பேபி'. கரும்பச்சைத் தோல், சின்னப் பழம், மாடிக்கு ஏற்ற ரகம்.

விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில், படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். படுக்கைவாட்டில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. விதை பிளந்து முதலில் வேர் வெளியே வந்து கீழ்நோக்கி வளையும். அந்த வளைவின் உட்பக்கம், அதாவது தரையைப் பார்த்த பக்கம், சின்னதாக ஒரு கொக்கி முளைக்கும். அது விதையோட்டின் கீழ்ப்பாதியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, தண்டு நிமிரும்போது விதையிலைகள் ஓட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். சட்டையைக் கழற்றும்போது ஒருவர் கைநுனியைப் பிடித்துக்கொள்வது போல. பூசணி, வெள்ளரி, தர்பூசணி எல்லாவற்றிலும் இந்த வேலை நடக்கிறது.

கீழ்ப்பக்கம் எது என்று விதைக்கு எப்படித் தெரியும்? 1998 அக்டோபரில் டிஸ்கவரி விண்கலத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் வெள்ளரி விதைகளை அனுப்பிப் பார்த்தார்கள். எடையில்லாத அந்த இடத்தில் முளைத்த நாற்றுகளுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள் வந்தன. ஆக, இரண்டு பக்கமும் கொக்கி போடும் திறன் நாற்றுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. பூமியின் ஈர்ப்பு செய்வது, மேல்பக்கத்துக் கொக்கியை அடக்கிவைப்பது. இதைப் படித்த நாளிலிருந்து நாற்று தலை தூக்கும் காலையில் நான் கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். விதையைச் செங்குத்தாக ஊன்றினால் இந்தக் கொக்கி சரியாக அமையாமல் ஓடு இலையிலேயே தொப்பி மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் பிய்க்காதீர்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள்.

பை பெரிதாக இருக்கட்டும், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய சாணம். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிக்கொண்டே வந்தால் பையில் உப்பு தங்கி, ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல் செடி வாடும். அதனால் கொடிக்கு மெட்ரோ வாட்டர்தான்.

சரி, பூவுக்கு வருவோம். தர்பூசணிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதலில் ஒரு வாரத்துக்கு வருவதெல்லாம் ஆண் பூ. அவை உதிரத்தான் செய்யும். பெண் பூவுக்குக் கீழே, பூக்கும் முன்பே, ரோமம் படர்ந்த குட்டித் தர்பூசணி ஒன்று இருக்கும். அக்கா பொறுக்கியது அதைத்தான். பார்க்கப் பிஞ்சு மாதிரியே இருந்தாலும் அது இன்னும் காய் ஆகவில்லை. பூவின் சூல்பை அது. உள்ளே நூற்றுக்கணக்கான சூல்கள் மகரந்தத்துக்காகக் காத்திருக்கின்றன. ஒரு சூல் விதையாக ஒரு மகரந்தத் துகள் வேண்டும். ஒரு பழத்தில் ஐந்நூறு விதை இருந்தால் குறைந்தது ஐந்நூறு துகள்கள் அந்தப் பூவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

இந்த மகரந்தம் பிசுபிசுப்பானது, கனமானது. கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் அதைத் தூக்கிப் போகாது. தேனீதான் சுமக்க வேண்டும். ஒரு தடவை வந்தால் போதாது. நல்ல பழம் பிடிக்கக் குறைந்தது எட்டு முறையாவது தேனீ வந்துபோக வேண்டும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பூ கொடுக்கும் அவகாசம் ஒரே ஒரு காலை. விடிந்ததும் மலரும், மதியத்துக்குள் மூடும், மறுநாள் திறக்காது. வெயில் ஏறினால் மகரந்தமும் வீரியம் இழக்கும். என் கணக்கில் பத்து மணிக்குள் வேலை முடிந்துவிட வேண்டும்.

மகரந்தம் சேர்ந்தால், கருவுற்ற சூல்கள் ஆக்சின் போன்ற ஹார்மோன்களைச் சுரந்து, 'இங்கே பிள்ளைகள் இருக்கின்றன, சாப்பாடு அனுப்பு' என்று கொடிக்குச் சொல்லும். அந்தச் சேதி வராத சூல்பையைக் கொடி கழற்றிவிடும். விதையில்லாத் தர்பூசணிக்கும் இதே விதிதான். அந்தச் செடியில் குரோமோசோம் 22க்குப் பதில் 33. பதினொன்று பதினொன்றாக மூன்று தொகுதிகள்; அவை ஒழுங்காக ஜோடி சேராததால் விதை உருவாகாது. ஆனாலும் காய் பிடிக்க ஒரு சாதாரண தர்பூசணியின் மகரந்தம் வேண்டும், அதற்காகவே வயலில் இரண்டையும் கலந்து நடுகிறார்கள்.

இப்போது பூச்சிமருந்துக்கு வருகிறேன். எங்களுக்கு வரும் தேனீக்கள் பக்கத்து வீட்டு முருங்கையில் ஒற்றை அடை கட்டியிருக்கும் கொம்புத்தேனீக்கள். பூ இருக்கும் கொடியில் மருந்து அடித்தால் முதலில் சாவது அவைதான். கெஞ்சிக் கேட்கிறேன், பூக்கும் நாட்களில் அடிக்காதீர்கள்.

தேனீ வராத மாடியில் நாமே செய்யலாம். காலை ஏழு, எட்டு மணிக்கு அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் பகுதியைப் பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூலகமுடியில் மெதுவாகத் தடவுங்கள். சூலகமுடிக்கு மூன்று மடல்கள் இருக்கும்; மூன்றிலும் பட வேண்டும். இரண்டு, மூன்று ஆண் பூக்களைப் பயன்படுத்தினால் நல்லது. அப்புறம் காம்பில் ஒரு நூல் கட்டித் தேதியைக் குறித்துவையுங்கள்.

நான் ஒரு பூவை இப்படிச் செய்துவிட்டு, இன்னொன்றைத் தேனீக்களுக்கே விட்டேன். இரண்டும் பிடித்தன. அதற்குப் பிறகு வந்த பிஞ்சுகளைக் கொடியே உதிர்த்தது. இலைகள் சமைக்கும் சர்க்கரை இரண்டு பிள்ளைகளுக்குத்தான் போதும் என்பது அதன் கணக்கு. காய்கள் கனத்ததும் காசிமேட்டில் கழித்துப்போட்ட வலைத் துண்டில் ஆளுக்கொரு தொட்டில் கட்டினேன்.

தொட்டிலில் தொங்கும் காய்க்கு, தரையில் கிடக்கும் காயின் அடியில் விழும் மஞ்சள் திட்டு வராது. அதனால் பழுத்ததைக் கண்டுபிடிக்க நூலில் குறித்த தேதியும், காம்புக்கு எதிரே இருக்கும் சுருள் பற்றுக்கம்பியும்தான் துணை. அந்தக் கம்பி நுனி முதல் அடி வரை காய வேண்டும். அவசரப்பட்டுப் பறித்தால் பிறகு இனிக்காது. வாழைக்காய் மாவுச்சத்தைச் சேர்த்துவைத்துப் பின்னால் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. தர்பூசணியிடம் அந்தச் சேமிப்பு இல்லை, இலை அனுப்பும் வரைதான் இனிப்பு ஏறும். கடைசி வாரம் தண்ணீரைக் குறைத்தேன்.

பூ மலர்ந்த முப்பத்து நாலாம் நாள், சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்பு, இரண்டையும் பறித்தேன். கையால் தடவியது பந்து போல இருந்தது. தேனீக்களுக்கு விட்டது ஒரு பக்கம் சூம்பிக் கோணலாக இருந்தது. கோணலானதை அக்கா முன்னாலேயே வெட்டினேன். நன்றாகச் சிவந்து, இனிப்பாகவே இருந்தது. பருத்த பக்கத்தில் கறுப்பு விதைகள் வரிசையாக. சூம்பிய பக்கத்தில் தட்டையாக, மெல்லிசாக, வெள்ளை விதைகள்.

"இந்தப் பக்கம் பழுக்கலையா?" என்று கேட்டார்.

பழுத்துவிட்டது அக்கா, அந்த வெள்ளையெல்லாம் மகரந்தம் கிடைக்காத சூல்கள் என்றேன். மூன்று மடலில் ஒன்றுக்கு அன்று காலை தேனீ வரவில்லை.