மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுக்கும் முன்

"எங்கள் நிறுவனத்தில் யாருக்கும் தடை இல்லை, மாற்றுத்திறனாளிகள்தான் விண்ணப்பிப்பதில்லை" என்று மனிதவளப் பிரிவில் பலர் சொல்கிறார்கள். அந்த நிறுவனத்தின் வேலை அறிவிப்பை எடுத்துப் படித்தால் காரணம் அதிலேயே இருக்கும். கணக்கு எழுதும் வேலைக்கு 'டூவீலர் லைசென்ஸ் கட்டாயம்', நாள் முழுக்கக் கணினி முன் உட்காரும் வேலைக்கு 'போனில் சரளமாகப் பேச வேண்டும்' என்று போட்டிருப்பார்கள். பழைய அறிவிப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட வரிகள் இவை. போலியோவால் கால் பாதித்தவரும் காது கேளாதவரும் அந்த வரியோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த இருக்கையில் இப்போது இருப்பவர் கடந்த ஒரு மாதத்தில் என்னென்ன செய்தார் என்று எழுதிப் பாருங்கள். அதில் வராத தகுதியை அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அறிவிப்பின் அடியில் ஒரு கேள்வி சேர்க்கலாம்: "தேர்வுக்கோ நேர்காணலுக்கோ உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு வேண்டுமா?" உடலில் என்ன பாதிப்பு என்று அந்தக் கட்டத்தில் கேட்க வேண்டியதே இல்லை. தொடர்புக்கு போன் நம்பர் மட்டும் கொடுக்காமல் மின்னஞ்சலும் கொடுங்கள். எழுத்துத் தேர்வு என்றால் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்ற மத்திய அரசின் வழிகாட்டுதலைத் தனியார் நிறுவனமும் பின்பற்றலாம், அதில் செலவே கிடையாது.

கட்டடத்தில் பெரும்பாலும் தவறுவது சாய்தளம். சரிவு 1:12 இருக்க வேண்டும். 15 செ.மீ. உயரப் படி ஒன்றுக்கு 180 செ.மீ. நீளம், மூன்று படிக்கு 540 செ.மீ., அதாவது ஏறக்குறைய 18 அடி. இடமில்லை என்று அதை 6 அடியில் முடித்தால் சரிவு 1:4 ஆகிவிடும். சக்கர நாற்காலியில் வருபவர் அதில் தானாக ஏற முடியாது, முயன்றால் பின்பக்கமாகக் கவிழலாம். வாட்ச்மேன் வந்து தள்ளிவிடுவார் என்பது பதிலாகாது. தினமும் வேலைக்கு வருபவர் யார் தயவும் இல்லாமல் உள்ளே வர வேண்டும். சாய்தளத்துக்குப் பளபளக்கும் கிரானைட் போட்டால் மழை நாளில் ஊன்றுகோல் வழுக்கும், சொரசொரப்பான கல்தான் சரி. இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். அடிவாரத்தில் பைக் நிறுத்த விடாதீர்கள்.

கழிப்பறைக் கதவில் 90 செ.மீ. தடையில்லாத அகலமும், உள்ளே நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடமும் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். வாளியும் துடைப்பமும் வைக்கும் அறையாக அதை மாற்றுவது இன்னொரு கொடுமை.

பார்வையற்றவருக்குக் கதவு கணினியில் இருக்கிறது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், தமிழும் படிக்கும். ஆனால் பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த சொல், கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் நமக்கு அழகான தமிழ், அவர் காதில் வெறும் உளறல். பணி விதிகள், விடுப்புப் படிவம் எல்லாம் யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினி அறியும் முறையில், இருக்க வேண்டும். சோதிப்பது சுலபம்: ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள், தமிழாகவே விழுந்தால் சரி. ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம் என்பதால் காப்பி செய்யவே வராது. ஸ்கிரீன் ரீடரும் அங்கே ஊமையாகிவிடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அதை விரிவாக எழுதி, தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். "40 சதவீத ஊனச் சான்று இருந்தால்தான் வசதி செய்வோம்" என்று இன்னும் சொல்கிறார்கள். இது தவறு. 40 சதவீத வரம்பு இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கானது. தேவையான வசதியைக் கேட்க அந்த வரம்பு கிடையாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் சொல்லும் 21 வகைகளில் மனநோயும் தலசீமியா என்ற ரத்தக் கோளாறும் உண்டு. பார்த்தால் தெரியாத பாதிப்புகள் இவை. இவற்றுக்கான மருத்துவத் தாள்கள் மனிதவளப் பிரிவின் பூட்டிய அலமாரியைத் தாண்டக் கூடாது, மேலாளருக்கு 'மாதம் இரண்டு நாள் மருத்துவமனை செல்வார்' என்ற அளவு தெரிந்தால் போதும்.

கடைசியாகத் தீ எச்சரிக்கை மணி. காது கேளாத ஊழியர் இருக்கும் தளத்தில் மணியோடு மின்னும் விளக்கும் இணைக்க வேண்டும். பலர் அந்த விளக்கைக் கூடத்தில் மட்டும் மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொட்டாவது சொல்லிவிடுவார். கழிப்பறைக்குள் தாழிட்டு இருப்பவருக்கு யார் சொல்வது? முதல் விளக்கை அங்கே மாட்டுங்கள்.