வேரோடு ஒரு கொடுக்கல் வாங்கல்

திருவான்மியூரில் எங்கள் மொட்டைமாடித் தோட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த காராமணிச் செடி ஒன்றைப் போன மாதம் பிடுங்கினேன். வேர் முழுக்க மிளகு அளவில் உருண்டைகள். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, "ஐயோ, நூற்புழு வந்திருக்கு. மண்ணையே கொட்டிடுங்க" என்றார். அவர் பயம் நியாயமானது. போன வருஷம் அவருடைய தக்காளி முழுவதும் வேர்முடிச்சு நூற்புழுவால் போயிருந்தது. நான் ஓர் உருண்டையை விரலால் தள்ளினேன், கழன்று வந்தது. நகத்தால் கீறியதும் உள்ளே ரோஜா நிறம் தெரிந்தது. நூற்புழு முடிச்சு இப்படிக் கழலாது. அங்கே வேரே வீங்கியிருக்கும், இந்த நிறமும் இருக்காது. "கொட்ட வேண்டாம் அக்கா, இதுக்குள்ள இருக்கறது ரைசோபியம். செடிக்கு நைட்ரஜன் கொடுக்கற பாக்டீரியா" என்றேன்.

அந்த ரோஜா நிறத்தில்தான் கதையே இருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகியிருப்பதால் எந்தச் செடியாலும் அதைத் தொட முடியாது. யூரியாவுக்கான அம்மோனியாவைத் தயாரிக்கும் தொழிற்சாலை சுமார் 400 டிகிரி வெப்பத்திலும் நூறு மடங்குக்கும் மேலான காற்றழுத்தத்திலும் அந்தப் பிணைப்பை உடைக்கிறது. ரைசோபியம் அதையே மண்ணின் சூட்டில், நைட்ரஜனேஸ் என்ற நொதியைக் கொண்டு செய்கிறது. ஆனால் அந்த நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைச் செடி தீர்த்துவைக்கிறது: நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபினை முடிச்சுக்குள் சுரந்து, ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து அளந்து கொடுக்கிறது. நான் பார்த்த நிறம் அதனுடையது. முடிச்சு உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது என்று பொருள்.

இது அன்பளிப்பு இல்லை, கணக்கு வைத்த வியாபாரம். பாக்டீரியாவுக்குச் செடி கொடுப்பது, இலையில் சமைத்த சர்க்கரையிலிருந்து வரும் உணவு. 2003-ல் சோயாவில் ஒரு சோதனை நடந்தது. சில முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினார்கள். பாக்டீரியா உயிரோடு இருந்தாலும் கொடுக்க எதுவும் இல்லாத நிலை. செடி அந்த முடிச்சுகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது. அங்கே பாக்டீரியாவின் பெருக்கமும் குறைந்தது. அதேபோல, மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடி புதிய முடிச்சுகளைப் போடுவதே இல்லை. காராமணிக்கு யூரியா தூவினால் வேர் வெறுமையாக இருப்பது இதனால்தான்.

இந்தப் பேரம் பேசும் முறையைப் பயறுச் செடிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதைவிட மிகப் பழைய ஓர் உறவிலிருந்து, அதாவது வேருக்குள் குடியேறி செடிக்கு உதவும் வேர் உட்பூசணத்தோடு இருந்த உறவிலிருந்து, இரவல் வாங்கின என்றே சொல்லலாம். வேருக்கு "நான் வந்திருக்கிறேன்" என்று ரைசோபியம் அனுப்பும் வேதிச் செய்தியும், வேர் உட்பூசணம் அனுப்பும் செய்தியும் கிட்டத்தட்ட ஒரே வகை மூலக்கூறுகள். வேருக்குள் அதைக் கேட்கும் மரபணுக்களிலும் பல பொதுவானவை. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கல்லில், சரியான வேர்கூட உருவாகாத செடிகளின் தண்டுக்குள் இந்தப் பூசணம் பதிந்திருக்கிறது.

உரக்கடையில் 'வேம்' என்று கேட்டால் கொடுப்பது இந்தப் பூசணத்தைத்தான். அது என்ன செய்கிறது என்று புரிய, முதலில் பாஸ்பரஸின் குணம் தெரிய வேண்டும். நைட்ரேட் தண்ணீரோடு ஓடும். பாஸ்பேட் அப்படி ஓடாது; கால்சியம், இரும்பு, அலுமினியம் எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். உப்பும் சுண்ணமும் மிகுந்த போர் தண்ணீரை ஊற்றும் நம் தொட்டிகளில் இது இன்னும் இறுகும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் பாஸ்பேட்டை உறிஞ்சித் தீர்த்துவிட்டால், அடுத்த மில்லிமீட்டரில் இருப்பது தானாக நகர்ந்து வராது. அந்த வெற்று வட்டத்தைத் தாண்டிப் பூசண இழைகள் பல சென்டிமீட்டர் தூரம் போகின்றன. வேர்த்தூவியைவிட மெல்லியவை என்பதால், அது நுழைய முடியாத மண்துளைகளிலும் நுழையும்.

இழை வேருக்குள் வந்து, செல்லின் சுவரைத் துளைக்கிறது. ஆனால் உள்ளே உள்ள சவ்வைக் கிழிப்பதில்லை. சவ்வு கையுறைபோல விலகி இடம் கொடுக்க, அதற்குள் இழை ஒரு சின்ன மரம்போலக் கிளைக்கிறது. அர்பஸ்கியூல் என்ற அதன் பெயருக்கே குட்டி மரம் என்றுதான் அர்த்தம். அங்கேதான் பண்டமாற்று: பாஸ்பேட் உள்ளே, சர்க்கரையும் கொழுப்பும் வெளியே. சில நாட்களில் அந்த மரம் சுருங்கி அழிகிறது, வேறு செல்லில் புதிது முளைக்கிறது. இந்தப் பூசணத்தால் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாது என்பது 2017-ல்தான் உறுதியானது. உயிருள்ள வேர் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. அதனால் ஈஸ்ட் மாதிரி இதைத் தனியாகக் கலனில் வளர்த்துப் பெருக்க முடியாது; மக்காச்சோளம் போன்ற செடியின் வேரில் வளர்த்து, வேர்த்துண்டும் பூசண வித்துமாகப் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். மண்ணின் மேல் தூவினால் வீண். விதைக்கு அடியில் அல்லது நாற்றின் வேரைத் தொடும்படி போட வேண்டும்.

பசியில் இருக்கும் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதை முகர்ந்த பூசணம் கிளைவிட்டு வேரை நோக்கி வருகிறது. சோளத்திலும் கரும்பிலும் ஒட்டுண்ணியாக வரும் சுடுமல்லியின் விதையும் அதே வாசனைக்குத்தான் முளைக்கிறது. நண்பனை அழைக்கும் குரல் திருடன் காதிலும் விழுகிறது! ஆனாலும் செடிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அழைப்பதை நிறுத்தவில்லை. இந்த உறவின் மதிப்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. பாஸ்பேட் உரமான டிஏபியை அள்ளிப் போட்ட தொட்டியில் வேருக்குப் பசியில்லை, அழைப்பும் குறையும். அதனால் டிஏபியையும் வேமையும் ஒன்றாக வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் கடையில் யாரும் சொல்வதில்லை. முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ் குடும்பமும், முளைக்கீரை, பாலக் குடும்பமும் பெரும்பாலும் இந்தப் பூசணத்தோடு சேர்வதே இல்லை. வேமைக் கத்தரி, மிளகாய், வெண்டை, வெங்காயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சும் போடாமல், உள்ளேயும் குடியேறாமல் வேரோரம் மட்டும் வாழும் பாக்டீரியாக்களும் உண்டு. அசோஸ்பைரில்லம் நைட்ரஜனை நிலைநிறுத்துவதைவிட, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து வேரைப் பல கிளையாக்குவதால்தான் அதிகம் உதவுகிறது. பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து கால்சியத்திடம் சிக்கிய பாஸ்பேட்டை விடுவிக்கும். சூடோமோனாஸ் இரும்பைத் தன்பக்கம் இழுத்து, நோய்ப் பூசணங்களைப் பட்டினி போடும்.

நம் ஊரிலேயே இந்தத் துறையில் நல்ல வேலை நடந்திருக்கிறது. தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், பிச்சாவரம் அலையாத்தியை ஒட்டி வளரும் காட்டு நெல்லிலிருந்து உப்பைத் தாங்கி, நைட்ரஜனை நிலைநிறுத்தி, பாஸ்பேட்டையும் கரைக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 2004-ல் அதற்குச் சுவாமிநாதேனியா என்று பெயர் வைத்தார்கள். கடல்நீர் ஏறிவரும் நிலங்களை நினைத்தால், இப்படிப்பட்ட தேடல் எவ்வளவு முக்கியம் என்று புரியும். ஈசிஆர் பக்கம் போகும்போது சவுக்குத் தோப்பையும் கவனியுங்கள். எருவே இல்லாத வெறும் மணலில் அது நெடுநெடுவென வளர்வதற்கு, வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சு போட்டு வாழும் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா உதவுகிறது. பயறுக் குடும்பத்துக்கு வெளியிலும் இந்தத் திறமை இருக்கிறது.

அன்றைக்குப் பிறகு காராமணியை நான் பிடுங்குவதில்லை. காய்ப்பு முடிந்ததும் மண்மட்டத்தில் வெட்டிவிடுகிறேன். முடிச்சுகள் மண்ணுக்குள்ளேயே மக்கி நைட்ரஜனை விடும். அறுபடாத பூசண இழைகள் அடுத்த நாற்றின் வேரைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதே தொட்டியில் கத்தரி நாற்று நட்டிருக்கிறேன். அக்காவும் இரண்டு நாற்று வாங்கிப் போனார்.