ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடுகிறதா?

போன வாரமும் அதே பிரச்சினையோடு ஒரு போன் கோல். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. பில் போடுவது ஒரு ப்ரோசஸ், களஞ்சியத் திரையில் ஆர்டரைக் காட்டுவது இன்னொன்று, நடுவில் இசட்ஓடிபி (ZODB), பைதான் ஒப்ஜெக்டுகளை அப்படியே சேமிக்கும் டேட்டாபேஸ். "அண்ணா, பில் விழுது, களஞ்சியத்துல வருதில்ல. ரீஸ்டார்ட் பண்ணினா எல்லாம் ஒண்டா வந்து கொட்டுது." மணிக்கொரு தடவை ரீஸ்டார்ட் பண்ண க்ரொன் (நேரத்துக்குத் தானாக ஓடும் வேலை) வேறு போட்டிருக்கிறார், அதை எழுதின தம்பி!

திறந்து பார்த்தேன். ஆர்டர் பட்டியல் நீண்டிருக்கிறதா என்று செக்கனுக்கு ஒரு முறை பார்க்கும் லூப். காலையில் திறந்த கனெக்‌ஷன், மாலை வரை அதே ட்ரான்ஸாக்‌ஷன் (டேட்டாபேஸில் தொடங்கி முடிக்கும் ஒரு சுற்று வேலை).

"ரெண்டும் ஒரே ஒப்ஜெக்டைத்தானே பிடிச்சிருக்கு?" என்கிறார். இல்லை தம்பி. ஆளுக்கொரு நகல். ட்ரான்ஸாக்‌ஷன் தொடங்கியபோது டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ, அது முடியும்வரை அப்படியேதான் தெரியும். பில் பக்கம் ஆயிரம் தடவை கொமிட் பண்ணட்டும் (மாற்றத்தைப் பதியட்டும்), இசட்ஓடிபியைப் பல ப்ரோசஸ்களுக்குப் பகிரும் ஸியோ (ZEO) சர்வரும் "மாறிவிட்டது" என்று அறிவிக்கட்டும், உங்கள் லூப்புக்கு இன்னும் காலை ஒன்பது மணிதான். காலையில் வாங்கிய பேப்பரை மத்தியானம் எத்தனை தடவை விரித்தாலும் மத்தியானச் செய்தி வராது. பார்க்கச் சாதாரண பைதான் ஒப்ஜெக்ட் போலவே இருப்பதால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இது பிழையும் அல்ல. கணக்குப் பார்க்கும்போதே விலை மாறினால் பில் என்னாவது?

ரீஸ்டார்ட் செய்வது புது ட்ரான்ஸாக்‌ஷன் தொடங்குவதை மட்டுமே. அதை லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் நீங்களே தொடங்குங்கள், ஒரு வரி.

சிலர் இதோடு நிற்காமல் ரெடிஸ் (ப்ரோசஸ்களுக்கிடையே செய்தி அனுப்பவும் உதவும் இன்னொரு சர்வர்) வழியாக "ஆர்டர் வந்திருக்கு" என்று மணி அடிக்கிறார்கள். நல்லது, ஆனால் கொமிட்டுக்கு முன்னால் அடிக்காதீர்கள்! எதிர்ப்பக்கம் ஓடி வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. கொமிட் வேறொரு கொமிட்டோடு மோதி மறுபடி ஓடினால் மணி இரண்டு தடவை அடிக்கும். கொமிட்டுக்குப் பிறகு அடித்தாலும் ஸியோவின் அறிவிப்பை அது முந்திவிடலாம். ஸியோ 5-இல், ட்ரான்ஸாக்‌ஷன் தொடங்கும்போதே சர்வரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளும் சர்வர்-சிங்க் (server-sync) என்றொரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். ஜெம்ஸ்டோன் என்ற இன்னொரு ஒப்ஜெக்ட் டேட்டாபேஸ்காரர்களுக்கு செஷனுக்கு செஷன் (இணைப்புக்கு இணைப்பு) சிக்னல் அனுப்பும் வசதி உள்ளேயே உண்டு. அங்கேயும் சிக்னல் வந்ததால் மட்டும் பார்வை புதுப்பிக்கப்படாது, அபோர்ட்டோ (பதியாமல் விட்டுவிடுவது) கொமிட்டோ நீங்கள்தான் பண்ண வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து அந்த க்ரொனைக் கழற்றிவிடுங்கள்.