கல்யாண டிவிடி திக்கினால் எந்த மென்பொருள்?

சேலத்தில் பல வீட்டு பீரோக்களில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு கல்யாண டிவிடி இன்னும் கிடக்கிறது. கீழே சித்திரை வெக்கை, மேலே ஏற்காட்டு மூடுபனியின் ஈரம்: இரண்டுமே அதற்கு ஆகாது. கடையில் விற்கும் சினிமா வட்டில் தகவல் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட குழிகளாக இருக்கும். ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த வட்டிலோ, சாயப்பூச்சில் லேசர் சுட்ட தடமாக மட்டுமே இருக்கிறது. வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும்.

டிவிடி உள்ளிருந்து வெளி நோக்கி ஓடும். விரல் படுவதும் உறையில் உரசுவதும் வெளிவிளிம்பில்தான் அதிகம். அதனால்தான் நிரம்ப எழுதிய வட்டு வரவேற்பு வரை ஒழுங்காக ஓடி, தாலி கட்டும் நேரத்தில் கட்டம் கட்டமாக உடைகிறது.

மென்பொருள் தேடும்போது வேகத்தையும் பொத்தான்களையும் பார்ப்பதைவிட ஒரு கேள்வி முக்கியம்: படிக்க முடியாத இடம் வந்தால் இது என்ன செய்யும்? சாதாரண காப்பி-பேஸ்ட் அந்த இடத்தில் நின்றுவிடும்; அந்தக் கோப்பே கிடைக்காமல் போகலாம். வீடியோ இருக்கும் விஓபி கோப்பு ஒவ்வொன்றும் 1 ஜிபி வரை வரும். இரண்டு மணி நேர வட்டில் அது சுமார் 27 நிமிடப் படம். உண்மையான சேதம் அவ்வளவு இல்லை. டிவிடியில் தகவல் செக்டர் எனும் சிறு கட்டங்களாக இருக்கும்; பிழை திருத்தம் 2048 பைட் கொண்ட 16 செக்டர்களுக்குச் சேர்த்து நடக்கிறது. அப்படி ஒரு தொகுதி முழுதாகப் போனாலும், அடுத்த முழுமையான ஃபிரேம் வரும்வரை சுமார் அரை நொடிதான் கலங்கும்.

ஆகவே முதலில் வட்டை அப்படியே ஐஎஸ்ஓ பிம்பமாக, அதாவது முழு வட்டின் நகலான ஒரே கோப்பாக எடுங்கள். இதற்கு லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை மிஞ்ச ஆளில்லை. கெட்ட இடத்தைத் தாண்டி, நல்ல பகுதியை முதலில் அள்ளிவிட்டு, பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பும். எது கிடைத்தது, எது பாக்கி என்று வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். அந்தக் கோப்பை அழிக்காதீர்கள்! ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். நண்பர் வீட்டு டிரைவை இணைத்து அதே வரைபடத்தோடு ஓட்டினால், பாக்கி ஓட்டைகளை மட்டும் அது நிரப்பும். விண்டோஸில் இந்த வேலைக்கு ஐசோபஸ்டர் உண்டு.

வட்டை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு நீளமாக ஓடும். பிழை திருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாது. ஏற்காட்டில் மழைக்காலக் காலையில் டிரைவ் லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் ஆன் செய்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

டிவிடிக்கு முந்தைய விசிடி இருந்தால் கவனம். அதன் வீடியோ செக்டரில் 2324 பைட் இருக்கும். கூடுதல் பிழை திருத்தமும் கிடையாது. 2048 பைட் கணக்கில் எடுக்கும் ஐஎஸ்ஓ அதற்குப் பொருந்தாது. செக்டரை முழுதாக எடுக்கும் பின்-கியூ (BIN/CUE) வடிவில் எடுக்க வேண்டும்.

பிம்பம் கைக்கு வந்தபின்தான் மாற்றும் வேலை. மேக்எம்கேவி வீடியோவைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள கோப்பு வடிவத்தை மட்டும் மாற்றும். தரம் துளியும் குறையாது. போனில் பார்க்கச் சிறிய கோப்பு வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக். அதில் எச்264 என்ற சுருக்கும் முறை, தர எண் 18 முதல் 20 வரை வைத்தால் போதும். ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்துப் பதிந்த படத்தைச் சேர்க்கும் டிஇன்டர்லேஸ் வசதியை மறக்காதீர்கள். மறந்தால், மாலை மாற்றும்போது நகரும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் நிற்கும். டிவிடியின் 720-க்கு 576 புள்ளிப் படத்தை எச்டி அளவுக்குப் பெரிதாக்குவதில் பயனில்லை, இடம்தான் வீண்.

கடையில் வாங்கிய சினிமா வட்டு வேறு விஷயம். அதில் பெரும்பாலும் நகலெடுப்பதைத் தடுக்கும் காப்புப் பூட்டு இருக்கும். உரிமையை மீறும் நோக்கில் அதை உடைப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் குற்றமாக்கியிருக்கிறது. சொந்தக் கல்யாண வட்டில் அந்தப் பூட்டு இருக்காது.

ஒரு வட்டுக்கு 4.37 ஜிபி வீதம் 20 வட்டுக்கு 90 ஜிபிக்குள் அடங்கும். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று அக்கா வீட்டில். பிம்பத்தைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்க்கும்வரை பழைய வட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.