மீன்தொட்டிச் செடிகளுக்குக் கரிவளி: கோலாலம்பூர் வெப்பத்தில் அதன் கணக்கு

மீன்தொட்டியில் செடி வாடினால் விளக்கைச் சந்தேகிப்பதும், அடுத்து உரத்தைச் சந்தேகிப்பதும் வழக்கம். கோலாலம்பூரின் அடுக்குமாடி வீடுகளில் செடித்தொட்டி வைத்திருப்போர் பலர் இவ்விரண்டுக்கும் தாராளமாகச் செலவழித்த பிறகும், பாசி படர்ந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது. செடியின் உலர் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கார்பன். பெரும்பாலான தொட்டிகளில் முதலில் பற்றாக்குறையாவதும் அதுதான். செடி அதைப் பெரும்பாலும் கரிவளியிலிருந்து, அதாவது கார்பன் டை ஆக்சைடிலிருந்து, பெறுகிறது.

நீரில் கரிவளி மிகக் குறைவாகக் கரைவதே தட்டுப்பாட்டுக்குக் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மை அதற்கு மாறானது. காற்றில் இன்று கரிவளி பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு; அதாவது ஒரு லிட்டர் காற்றில் முக்கால் மில்லிகிராம் அளவு. அந்தக் காற்றோடு சமநிலையில் இருக்கும் 30 பாகை வெப்ப நீரில், லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்றே மேல் கரைந்திருக்கும். அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கரிவளி மூலக்கூறுகள் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அவை ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. ஒவ்வோர் இலையையும் போர்த்தியிருக்கும் மெல்லிய அசையா நீர்ப்படலத்தைக் கடந்து வருவதற்குள், உள்ளே இருக்கும் பச்சையம் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதாகிறது. எனவே நீரில் கரிவளியை லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்த்துவதன் நோக்கம், படலத்தின் இருபுறத்துக்கும் இடையிலான செறிவு வேறுபாட்டைப் பன்மடங்காக்கி, வாயுவை இலைக்குள் விரைவாகச் செலுத்துவதே. வடிகட்டியின் நீரோட்டம் செடிகளுக்கிடையே புகுந்து சென்றால் அப்படலமே மெலிந்துவிடும் என்பதால், வாயுவைக் கூட்டுவதற்கு முன் நீரோட்டத்தைச் சீர்செய்வது மலிவான வழி.

இதில் வெப்பத்துக்கும் பங்குண்டு. கரிவளியைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் பாதையில் முதலில் நிற்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, சில வேளைகளில் கரிவளிக்குப் பதிலாக உயிர்வளியை (ஆக்சிஜனை) பிடித்துவிடுகிறது. நீர் சூடாக ஆக இந்தப் பிழை கூடுகிறது. குளிரூட்டி இல்லாத வரவேற்பறையில் 30 பாகையில் இருக்கும் தொட்டிக்குக் கரிவளி கூடுதலாகப் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற செடிகள் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் என்ற கார்பன் சேர்மத்திலிருந்தும் கார்பனை எடுக்க வல்லவை என்றாலும், கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீர் பொதுவாகக் கரைந்த உப்புகள் குறைந்த மென்நீர் என்பதால் அந்த இருப்பு அதிகமில்லை. பாசிவகைச் செடிகளான மாஸ்களுக்கோ அந்தத் திறனே இல்லை.

இதைச் செயற்கையான ஊட்டம் என்று குறைகூறுவோரும் உண்டு. அக்கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி வகைகள் வளரும் மலாய்த் தீபகற்பத்துக் காட்டோடைகளில், மட்கும் இலைச்சருகும் நிலத்தடி ஊற்றும் சேர்ந்து, காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலான கரிவளியை நீரில் வைத்திருக்கின்றன.

வாயுவைப் பெற எளிய வழி, புட்டியில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து நொதிக்க விடுவது. நம் வெப்பத்தில் அது வேகமாகப் பொங்கி விரைவில் ஓய்ந்துவிடும்; இரவில் நிறுத்தவும் இயலாது. சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் வினைபுரியும் புட்டியைக் கட்டுப்படுத்துவது சற்று எளிது. நிலையான வழி சிலிண்டர்தான். அதனுள் கரிவளி அழுத்தத்தால் திரவமாகி இருக்கிறது. 20 பாகையில் ஏறத்தாழ 57 பார் அழுத்தம், 30 பாகையில் 72 பார். 31 பாகையைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே மறைந்து, அதற்குமேல் அழுத்தம் எவ்வளவு என்பது சிலிண்டரை எவ்வளவு நிரப்பியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. குளிர்நாட்டுக் கையேடுகள் இதை அதிகம் பேசுவதில்லை. கோலாலம்பூரில் பிற்பகல் வெப்பம் எளிதாக 33 பாகையைத் தொடுகிறது. ஆகவே அளவுமானியின் முள் காலையும் மாலையும் மாறுவதைக் கண்டு கசிவு என்று அஞ்ச வேண்டாம். ஆனால் நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரிலோ சன்னலோரத்திலோ வைக்கவே கூடாது. அதை நிமிர்ந்த நிலையில் கட்டி வைப்பதும் கட்டாயம். சாய்ந்தால் திரவம், அழுத்தத்தைக் குறைத்து வாயுவை வெளிவிடும் ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும்.

செறிவை அறிய, தொட்டியினுள் ஒட்டும் சிறு கண்ணாடிக் குமிழில் கார்பனேட் கடினத்தன்மை 4 பாகை (இது வெப்பப் பாகை அன்று, கடினத்தன்மையின் அலகு) கொண்ட நீரையும், அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறும் புரோமோதைமால் நீலத்தையும் இடுவார்கள். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் ஏறத்தாழ 30 மில்லிகிராம், மஞ்சள் என்றால் மிகை. அளந்து தயாரித்த அந்த நீருக்குப் பதிலாகத் தொட்டி நீரையே ஊற்றினால் நிறம் பொய் சொல்லும். சரியாக அமைத்தாலும் நிறம் மாற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மீன்களின் நிலை மோசமாகியிருக்கலாம்.

நீரில் கரிவளி மிகும்போது, மீனின் இரத்தத்திலுள்ள கரிவளி செவுள்வழி வெளியேற இயலாமல் தேங்கி இரத்தத்தை அமிலமாக்குகிறது. ஹீமோகுளோபின் உயிர்வளியைப் பிடிக்கும் திறனும் குறைகிறது. நீரில் உயிர்வளி போதுமான அளவு இருந்தாலும் மீன் திணறுவது இதனால்தான். 25 பாகை நீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும் உயிர்வளி 30 பாகையில் 7.6 ஆகக் குறைவதையும், சூட்டில் மீனின் தேவை கூடுவதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே 30 மில்லிகிராமை இலக்காகக் கொள்ளாமல் 20-ஐ ஒட்டி நிற்பதே என் பரிந்துரை. விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாக வாயுவைத் திறந்து, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக மூடும்படி மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வை நேரக்கருவியோடு இணைக்கலாம். மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால் குமிழின் நிறத்துக்காகக் காத்திராமல் வாயுவை மூடி, காற்றுக் குமிழிகளை விடும் காற்றுக்கல்லை இயக்கி நீர்ப்பரப்பைக் கலக்க வேண்டும். கரைந்த மிகைக் கரிவளி அவ்வழியே காற்றுக்குத் திரும்பிவிடும்.