ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்

ஒரு கணக்கர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் சர்வீசுக்கு வந்திருக்கிறது. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்து ஒரு ஃபைலும் திறக்கவில்லை. விண்டோஸ் 10, அப்டேட்டை அவரே நிறுத்தி வைத்திருக்கிறார். "அதான் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டிருக்கேனே சார்!" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஆன்டிவைரஸ் வேறு, அப்டேட் வேறு. வாசலில் வாட்ச்மேன் நிற்கலாம். பின்சுவர் ஓட்டையை அவரா அடைப்பார்? விண்டோஸுக்குள் இருக்கும் ஓட்டையை மைக்ரோசாஃப்ட்தான் அடைக்க வேண்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது யாரும் எந்த லிங்க்கையும் தொடத் தேவையிருக்கவில்லை. நெட்வொர்க் வழியே தானாகத் தாவியது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளே தடுமாறின. இத்தனைக்கும் அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, அதன்பின் ஓட்டையை அடைக்கும் அப்டேட் தானாக வராது. மெஷின் அன்றோடு நின்றுவிடவில்லை, அதனால்தான் இந்த அசட்டை.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாமா? இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். டிபிஎம் பல மதர்போர்டுகளில் இருந்தும் பயாஸ் என்ற தொடக்க செட்டிங்ஸில் ஆஃப் ஆகிக் கிடக்கும். அதைக்கூடப் பார்க்காமல் புது மெஷின் வாங்கச் சொல்கிறார்கள், வயிறு எரிகிறது. ரேம் 4 ஜிபி போதும் என்பது கணக்குக்குத்தான். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாமல் மாறாதீர்கள்.

தகுதியில்லாத மெஷினில் "எப்படியாவது 11 போட்டுத் தர்றேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். அதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அதைவிட, தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கான மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிப்புத் திட்டத்தில் (இஎஸ்யு) பதிந்தால் விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். பிரவுசரும் கடிதமும் மட்டும்தான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் தாராளமாகப் போதும்.

மாறுவது என்று முடிவெடுத்தால், தயவுசெய்து முதலில் பேக்கப். அதே மெஷினின் டி டிரைவில் காப்பி எடுத்து வைப்பது பேக்கப் ஆகாது, வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பிரின்டருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் 11-இல் டிரைவர் உண்டா என்று பாருங்கள். ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கடியில் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். ஒத்துவரவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் செட்டிங்ஸ் வழியே பழையதற்கே திரும்பலாம். அதுவரை இடம் அடைக்கிறது என்று பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.